பலூன் கடையின் இரண்டு விசைகள்

மாலை ஐந்தே காலுக்கு, கடற்கரைச் சாயாக் கடை ரதீஷ் போன் செய்தான். "சேட்டன் பலூன் கட்டிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாரு."

"யாரு சுட்டது?" என்று கத்தினேன்.

சேட்டன் என்று அவன் சொன்ன என் அண்ணன் செல்லதுரை, மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் சைக்கிளில் போர்ட் கொச்சி கடற்கரைக்குப் போய், காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடை போடுவார். அவரிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்றில் விசையைத் தொட்டதும் குண்டு பாயும். மற்றதில் விசை முதலில் தளர்வாக வந்து ஓரிடத்தில் தட்டி நிற்கும். அதற்குமேல் அழுத்தினால்தான் சுடும்.

"என்னா சேட்டா, இது உறங்குதோ?" என்று சுட வருகிறவர்கள் இரண்டாவதைக் கேலி செய்வார்கள்.

"அது முழிச்சுத்தான் இருக்கு. நீங்கதான் பாதியில நின்னுட்டீங்க" என்பார் அண்ணன்.

முதல் துப்பாக்கிக்குத்தான் கூட்டம். ஆனால் போன மாதம் அவர் பலகையருகே பலூன் கட்டும்போது, அதன் விசையில் ஒரு சிறுமியின் விரல் பட்டு, குண்டு அவர் காதோரம் போனது. அன்றிலிருந்து அண்ணி அங்கம்மாள் சோறு போடும்போதெல்லாம் கேட்டார்: "அந்தச் சனியன மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

"மாத்துனா கூட்டம் வராதுடி."

"நீங்க வீட்டுக்கு வந்தாப் போதும்."

நேற்றுத்தான் அதற்கும் இரண்டு கட்ட விசை வாங்கி வந்தார்.

"யாரும் சுடல," என்றான் ரதீஷ். "நெஞ்சு."

எங்கள் பயமெல்லாம் அந்தக் குண்டின்மேல்தான் இருந்தது. இன்று அந்தத் துப்பாக்கி கடைக்கே போகவில்லை. விசை மாற்றுவதற்காக, வீட்டில் என் கண்முன் மேசைமேல் பிரித்துக் கிடந்தது. அப்படியும் யாரு சுட்டது என்று கேட்டேன்.

அண்ணன் உயிரோடு வீடு திரும்பவில்லை. துப்பாக்கி இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. புது விசையின் இரண்டு திருகாணிகளில் ஒன்றைத்தான் அண்ணன் முடுக்கியிருக்கிறார்.