நிதாலும் ஒரு ‘ஃபைட்’டும்

டாக்டர் ஓர்லா அந்தச் சொல்லைச் சொன்னதும் நிதால் தன் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். முக்காடு சரியாகத்தான் இருக்கும். ‘ஃபைட்’டை இந்தத் தடவை என்னவென்று சொல்வது என யோசிக்க அவளுக்கு அந்த ஒரு கணம் வேண்டும்.

மொசூல் நகரில் ஆற்றின் மேற்குக் கரையில் வெளிநாட்டுத் தொண்டர்கள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி அது. டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தாய்மாருக்கு அரபியில் சொல்வது நிதாலின் வேலை. அயர்லாந்துக்கார டாக்டருக்கோ அந்த ஒரு சொல் இல்லாமல் பொழுது போகாது. மருந்து கிருமியோடு ஃபைட் பண்ணும் என்பார். நிதால் அதை ‘விரட்டும்’ என்பாள். வலியோடு ஃபைட் பண்ணாதே என்பார்; “முரண்டு பிடிக்காத கண்ணு, மூச்ச விடு” என்று நிதால் பிரசவிக்கிறவளின் காதருகே சொல்வாள். மின்விசிறிக்காக இரண்டு மாமியார்கள் ஃபைட் என்று டாக்டர் கவலைப்பட்டால் அதை மொழிபெயர்க்கவே மாட்டாள். இரண்டு பேரையும் ஓர் அதட்டு அதட்டி, விசிறியை நடுவில் திருப்பிவிட்டு வருவாள். “ஒரே சட்டையக் கல்யாணத்துக்கும் போடுறாங்க, சாவுக்கும் போடுறாங்க, இந்த இங்கிலீஷ் பேசுறவங்க” என்பது அவளுடைய ஓயாத புலம்பல்.

அவள் பெயருக்கே போராட்டம் என்றுதான் பொருள். அந்தக் காலத்து அப்பாக்களுக்குப் பெண் பிள்ளைக்கும் அப்படிப் பெயர் வைக்க ஆசை இருந்தது. ஆள் என்னவோ பெயருக்குப் பொருந்தாதவள். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவாள். சந்தையில் பேரம் பேசக் கூச்சப்பட்டு, தக்காளி வாங்கக்கூடக் கணவனைத்தான் அனுப்புவாள். தேநீரில் மட்டும் யாருக்கும் அஞ்சாமல் சர்க்கரையைக் கொட்டுவாள்.

முக்காட்டைத் தொடும் பழக்கம் ஹாஜிர் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. ஹாஜிரின் மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். குழாயை எடுத்தால் பிழைக்க மாட்டான். ஒருநாள் காலை அவன் மூச்சு சீராக ஓடுவதைப் பார்த்துப் பூரித்துப்போன டாக்டர், இவன் ஒரு ஃபைட்டர் என்றார். நிதாலும் அதே பூரிப்பில் அரபியில் அப்படியே சொன்னாள்: முகாதில்.

மொசூலில் அந்தச் சொல் துப்பாக்கியோடுதான் வரும். ஹாஜிரின் தம்பிகள் இருவரும் முகாதில் என்று பெயர் வாங்கிக்கொண்டு போனவர்கள், திரும்பவில்லை. அவள் டாக்டரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“இப்பவே படைக்குப் பேர் எழுதிக்கிறாங்களா?” என்றாள்.

பிறகு யாரையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பிள்ளையைப் போர்வையால் சுற்றத் தொடங்கினாள். அவள் கை குழாயை நோக்கிப் போனது. ஒன்றும் புரியாமல் டாக்டர் பதறினார். நிதால் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“என் பேரு என்ன, சொல்லு.”

“நிதால்.”

“அப்படிப் பேர வச்சுக்கிட்டு நான் யாரச் சுட்டேன்? பல்லியப் பாத்தாலே ஓடுறவ நான். அந்தம்மா சொன்னது வேற, கண்ணு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். உன் புள்ள பிடிவாதக்காரனாம். போகவே மாட்டேன்னு அடம் பிடிக்கிறானாம்.”

ஹாஜிர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “அப்ப எங்க வீட்டுப் புள்ளதான்” என்றாள். போர்வையைப் பிரித்து அவனைப் படுக்கவைத்துப் பெட்டியை அவளே மூடினாள்.

அவளிடம் என்ன சொன்னாய் என்று டாக்டர் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றாள் நிதால்.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதே சொல்லை எத்தனையோ தாய்மாரிடம் அவள் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள். அவர்களும் தலையாட்டிவிட்டு, உள்ளே என்ன பட்டதோ அதை விழுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் விழுங்கவில்லை. நிதாலுக்கு அவள்மேல் நன்றி பொங்கியது.  பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், குனிந்து, ஹாஜிரின் உச்சந்தலையில் முத்தமிட்டாள்.