மாமா வாசிக்க வேண்டிய இடம்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய இடது கட்டைவிரல்தான். எலக்ட்ரோபிளேட்டிங் கம்பெனியில் அமிலம் பட்டுப் பட்டு நகத்தோரம் வெளுத்துப்போன விரல். ஞாயிற்றுக்கிழமைகளில் அது கீபோர்டின் ஓரத்திலிருக்கும் சின்னச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். வலது கை ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும். கட்டைவிரல் சக்கரத்தை மெல்லத் தள்ளும். சுரம் வளைந்து ஏறி, போக வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்று நடுங்கும். மேனாம்பேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நாங்கள் நான்கு பேர் ராக் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. கீழே மெஷின் ஓடாத நாளில்தான் மேலே எங்களுக்கு இடம். நான் கிடார். என் அக்காவைக் கட்டியதால் அவர் எனக்கு மாமா; அவருக்கு நான் மச்சான்.

பழைய ராக் பாட்டுகளில் வரும் சிந்தசைசர் மேல் அவருக்குப் பித்து. பாட்டின் நடுவில் மற்றவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தனியாக எழுந்து வருமே ஒரு குரல், அது லீட். எல்லாவற்றுக்கும் பின்னால் நீளமாகப் பரவிக் கிடப்பது பேட். "லீடு ஒத்த ஆளு மச்சான், பேடுதான் ஊடு. ஊடு இல்லாம ஆளை மட்டும் நிக்க வெச்சா எங்கடா போவான்?" என்பார்.

அவர் மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம். டிரம்ஸ், பேஸ், கிடார், பாட்டு எல்லாம் முடிந்துவிட்டது. மாமாவின் லீடும் பேடும் அடுத்த ஞாயிறு என்று பேச்சு. அந்த வாரத்தில் ஒரு காலை, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் கம்பெனி இருந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. சண்டை கிடையாது, சீக்கு கிடையாது. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை, அம்பத்தூரிலிருந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லா ரயில் நிலையங்களும் அலைந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்குத் திதி உண்டு, படையல் உண்டு. காணாமல் போனவருக்கு என்ன செய்வதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடியும் அக்கா, அவர்கள் குடியிருந்த கள்ளிக்குப்பத்து வாடகை வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஒரு மழையில் தண்ணீர் உள்ளே வந்து, மாமாவின் கீபோர்டு ஊறிப்போய் உயிரை விட்டது. அப்போதும் நகரவில்லை. "வந்து பாத்து நான் இல்லன்னா அவுரு எங்கப் போவாரு?" என்பாள். போன வருஷம் வீட்டுக்காரர், இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

"டேய், அந்தப் பாட்டு இன்னும் கீதா உங்கிட்ட?"

"அரைகுறையாக் கீதுக்கா."

"முடிச்சி நெட்டுல போட்டு வுடு. ஊடு மாறிட்டா அவுருக்கு எப்டித் தெரியும்? பாட்டு எங்கியாவது காதுல வுழும்ல?"

கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஒத்திகையின்போது போனில் பிடித்த பதிவு ஒன்று இருந்தது. இரைச்சலுக்கு நடுவே அவருடைய லீட் முழுசாகக் கேட்டது, மெட்டு கிடைத்துவிட்டது. அந்த ஓசையைத்தான் தேட வேண்டும். இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே எத்தனையோ சிந்தசைசர்கள், எல்லாம் மென்பொருள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேட் சீக்கிரமே அமைந்தது. மெல்ல எழுந்து, கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும் பழைய தந்தி ஓசை. பளபளப்பாக இருந்த மேல் பகுதியைக் குறைத்தேன். அக்கா தலையாட்டினாள்.

லீட்தான் பிடி கொடுக்கவில்லை. முதல் மென்பொருளில் ஆயிரம் ஓசைகள் தயாராக இருந்தன. "கல்யாண மண்டபம் மாதிரி கீது," என்றாள். அடுத்தது ஒரு பழைய அனலாக் மெஷினின் நகல், தடிமனான குரல். அதற்கு, "கிட்ட வருது. ஆனா கோவமா கீது. அவுரு கோவமா வாசிக்கவே மாட்டாரு." கடைசியில் ஓசையை மாற்றும் நாலைந்து திருகிகள் மட்டுமே உள்ள ஒரு சின்ன மென்பொருளை எடுத்து, வெறுமையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரே சுரத்தில் இரண்டு குரல்கள். ஒன்றை மட்டும் சுருதியிலிருந்து துளி விலக்கினேன். ஓசையின் கூர்மையைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினேன். பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த என் சின்னக் கீபோர்டின் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன்.

அக்கா சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் முந்தானையைச் சரிசெய்தாள். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை; நாற்காலிக்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்பதுபோல் இருந்தது. வாசித்துக்கொண்டே போனேன். ஒத்திகைப் பதிவில் அவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டுத் திரும்பப் பிடித்த இடம் வந்தது. நான் நினைக்காமலே என் விரலும் அங்கே தவறிப் பிடித்தது. கையை எடுத்துவிட்டேன்.

அக்கா சொன்னாள்: "அழிச்சிடுடா."

"இன்னாக்கா, இதைத்தானே கேட்ட?"

"இதேதான். அச்சு அசல் அவுருதான். எங்கியோ உக்காந்துகினு அவுரு இதைக் கேக்குறாருன்னு வெச்சிக்க. நம்ம எடத்துக்கு வேற ஆளு வந்துட்டான்னு நெனச்சிக்க மாட்டாரு? அந்த எடத்தை அப்டியே வுட்டுடு."

"பாட்டு நடுவுல ஓட்டையா இருக்கும்க்கா."

"இருக்கட்டும்."

அவள் கண்ணெதிரே அழித்தேன். அந்தத் திருகிகளை எங்கெங்கே நிறுத்தினேன் என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த மென்பொருளை அதற்குப் பிறகு நான் திறந்ததில்லை.

பாட்டு அப்படியே நெட்டில் போனது. நடுவில் டிரம்ஸும் பேஸும் நடந்துகொண்டே இருக்கின்றன, பேட் பரவிக் கிடக்கிறது, வர வேண்டிய குரல் மட்டும் வருவதில்லை. அக்கா மேனாம்பேட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்துவிட்டாள். கேட்பவர்கள் அதிகமில்லை. எப்போதாவது ஒருவர் கீழே எழுதுவார்: மிக்ஸிங்கில் ஏதோ விட்டுப்போச்சே, ப்ரோ? அந்த ஆளின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி அக்கா பார்ப்பாள். படம் இல்லாமல் வெறும் எழுத்தோ பூவோ இருந்தால் இன்னும் அதிக நேரம் பார்ப்பாள்.

போன வாரம், படம் இல்லாத ஒருவர் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: லீட் எங்கே?

என்ன பதில் போடட்டும் என்று கேட்டேன். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து, என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டாள். அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன்.

"நாங்க ஊடு மாறிட்டோம். இப்போ மேனாம்பேட்டுல கீறோம்."