காயாத சாக்லேட்டும் ராஜகிரியும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ராஜகிரியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அந்த மலையைக் கண்டாலே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கோட்டை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கட்டியவன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். மலை நிற்கிற இடம்தான் சரியில்லை. ஊருக்கு நேர் மேற்கே வந்தா நிற்க வேண்டும்?

விஷயத்தைச் சொன்னால்தான் புரியும். நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கை போட மாட்டோம். என் பிறந்த வீடு வல்லம் பக்கம். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை நெல்லும் கடலைக் கொல்லையும்தான். சூரியன் அடிவானத்தில் முழுக்க இறங்கும் வரை சாவகாசமாகச் சாப்பிடுவோம். செஞ்சியில் வாழ்க்கைப்பட்டு வந்தால், இங்கே சூரியனை மலை முன்கூட்டியே விழுங்கிவிடுகிறது. அதற்கப்புறமும் வெளிச்சம் ரொம்ப நேரம் பளிச்சென்று இருக்கும். எங்கள் ஜனங்கள் மற்ற வீடுகளில் அந்த வெளிச்சம் போகிற வரை சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தனிச் சட்டம். மலை மறைத்தால் பொழுது போச்சு. சட்டம் போட்டவர் என் மாமனார்.

மாமனாருக்குக் கடலை மண்டி. ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே பருப்பு கலகலவென்றால் காய்ந்த சரக்கு, இல்லையென்றால் ஈரம். ஈரம் என்று சொல்லிவிட்டால் விற்க வந்தவன் தலைகீழாக நின்றாலும் மூட்டையை இறக்க விடமாட்டார். மருமகளோடு நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் எதிரிலேயே நின்றாலும் மாமியாரைப் பார்த்துத்தான், "மோர் வேணும்னு சொல்லு" என்பார். நானும் மாமியாரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

இத்தனை கறாரான மனிதருக்கு இனிப்பு என்றால் உயிர். மோர்ச் சோற்றுக்கே வெல்லம் கடித்துக்கொள்வார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலையும் வெல்லத் துண்டும் இருக்கும். துவைக்கிறபோது எறும்போடு சேர்த்து உதறுவது என் வேலை.

அந்த மனிதர் இனிப்பை விடுவதாக வேண்டிக்கொண்டார். அதுவும் எனக்காக.

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, எனக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்தும் பிள்ளை வெளியே வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் பெரிய உயிரா சின்ன உயிரா என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டதாம். மாமனார் கோயிலில் போய் நின்று, "ரெண்டு உசுரும் நல்லபடியா வூடு வந்து சேந்தா, ஆயுசுக்கும் இனிப்பைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரெண்டு உயிரும் பிழைத்தோம். அம்மா வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். பிள்ளையை முதல் தடவையாகக் கோயிலுக்கு எடுத்துப் போகிற அன்று காலையில் அவர் விரதம் ஏற்பதாக இருந்தது.

எனக்கு ஏற்பட்ட சங்கடத்தைச் சொல்லி முடியாது. நான் கேட்டேனா? யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? என்னோடு பேசக்கூடச் செய்யாத மனிதர் எனக்காக வாழ்நாள் முழுக்க வெறும் மோர்ச்சோறு சாப்பிடப் போகிறார்.

அந்த வாரம் மாமியார் என்னிடம் வந்து, "உங்க மாமா ஒண்ணு கேக்கறாரு" என்றார். "பாண்டிச்சேரில நம்ம கடலைய இடிச்சி உருட்டி, மேல சாக்லேட்டு பூசி விக்கறாங்களாம். யாரோ யாபாரி சொல்லியிருக்கான். இத்தினி வருசம் நாம கப்பலுக்கு அனுப்பன கடலைய வெள்ளக்காரன் இன்னாத்தான் பண்ணித் தின்னான்னு ஒருவாட்டி பாத்துட்டு வுட்டுடறேன்றாரு. உனுக்கு வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணன் பாண்டிச்சேரியில் வேலையாக இருந்தான். அவன் முன்பு கொடுத்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் இதே உருண்டை படத்தோடு இருந்தது. பளபளவென்று கறுப்பாக, கோலிக்குண்டு மாதிரி. வேகவைக்க வேண்டாம், பொரிக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம் என்று வேறு போட்டிருந்தான். எழுதியவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் காலையிலேயே வந்துவிடுகிறேன் என்றான். வந்தது உச்சி வெயிலில். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். பையிலிருந்து ரெண்டு சாக்லேட் பாளங்களை எடுத்தான். ரெண்டும் காகிதத்துக்குள் துவண்டு வளைந்து கிடந்தன. மாமியார் வாங்கி முகர்ந்து பார்த்து, "முட்ட கிட்ட போட்டிருக்கானா?" என்றார். காகிதத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, இல்லை என்று சத்தியம் பண்ணினேன்.

கடலை உருண்டையில் சிக்கல் இல்லை. அது நம் சரக்கு. வறுத்து, தோல் புடைத்து, ஏலக்காயும் சர்க்கரையும் போட்டு இடித்து, நெய் விட்டு உருட்டி வைத்தாயிற்று. சாக்லேட்டை நேராக அடுப்பில் வைக்கக் கூடாதாம். கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டுமாம். முதல் பாளம் அழகாக உருகிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் துணியில் வடிகட்டாத தண்ணீர் ஆகாது. அதை வடிகட்டிக்கொண்டிருந்த மாமியார் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான், கிண்ணத்தில் இருந்தது மொத்தமும் திரிந்து மண் மண்ணாகிவிட்டது. கிண்டக் கிண்ட இன்னும் இறுகியது.

"அய்யய்யோ அத்தை!"

"இன்னாடி இது, ஒரு சொட்டுத் தண்ணிக்கா இப்பிடிக் கோச்சிக்குது?" என்றார் மாமியார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. விரலால் அந்த மண்ணை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்லாத்தான்மா இருக்குது" என்று வேறு சொன்னார்.

ரெண்டாவது பாளத்தை உருக்கும்போது அவரை அடுப்பங்கரைப் பக்கமே வரவிடவில்லை. இந்தத் தடவை பட்டு மாதிரி உருகியது. உருண்டைகளை ஒவ்வொன்றாக முக்கி வாழையிலை மேல் வைத்தேன். படத்தில் இருந்தது போலவே பளபளத்தன. அப்பாடா என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையைப் பார்த்தேன். "இப்போது ஃபிரிஜ்ஜில் வைத்து இறுக விடவும்" என்று முடிந்திருந்தது.

ஃபிரிஜ்! செஞ்சியில்! எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கரண்டே வரவில்லை. மாசி கடைசி. பாறை மலைகள் சுற்றி நின்றுகொண்டு பகல் சூட்டை வாங்கி வாங்கி ஊருக்குள் விடுகின்றன. இலை மேல் இருந்த உருண்டைகள் இறுகாமல், ஒவ்வொன்றும் காலடியில் குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பனைவிசிறி எடுத்து விசிறினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

மண்டியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட மாமனார் கூடத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆச்சான்னு கேளு" என்றார். "ஆவுது" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஆச்சான்னு கேளு."

என் வீட்டுக்காரர் சோடாக் கடையில் ஐஸ் கட்டி இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். மாமியார் வாசலை மறித்தார். "எந்தக் குட்டத் தண்ணியோ, வடிகட்னதா வடிகட்டாததா யாருக்குத் தெரியும்? அது என் அடுப்பங்கரைக்குள்ள வரக் கூடாது." அதுவும் போச்சு.

பிறகு கிணறு என்று எனக்குத்தான் தோன்றியது. உருண்டைகளை இலையோடு பித்தளைத் தூக்கில் வைத்து மூடி, கயிறு கட்டி, தண்ணீர் படாமல் கிணற்றுக்குள் தொங்கவிட்டோம். வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடுப்பில் பிள்ளையோடு மேற்கே மலையையும் கீழே கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு தடவை இழுத்துத் திறந்தால், விரல் வைத்த இடம் குழிந்தது. திரும்ப இறக்கினோம். சூரியன் கோட்டை மதிலுக்கு ஒரு முழம் மேலே நின்றது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடியே ஒரு கரண்டில போட்டுக் குடேன். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சாக்லேட்டை வழித்து, அதில் முக்காமல் மீந்திருந்த ஒரு உருண்டையைப் போட்டு மாமியார் கையில் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

"காயாத சரக்க நான் எடை போட மாட்டேன்னு சொல்லு" என்று கூடத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "பாக்கறதே ஒருவாட்டி. அத ஒழுங்காப் பாக்கறேன். காயட்டும்."

என்ன மனிதரய்யா இவர்! ஆசையும் அவருக்குத்தான், அவசரமில்லாததும் அவருக்குத்தான். படபடப்பெல்லாம் எனக்கா?

மூன்றாம் தடவை தூக்கை இழுத்தபோது மூடியைத் திறந்து தொட்டேன். விரலில் ஒட்டவில்லை. அழுத்தினேன், லேசாகத்தான் அமுங்கியது. "ஆயிடுச்சு, ஆயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே தூக்கோடு உள்ளே ஓடினேன். நான் கூடத்துக்குள் காலை வைக்கிறேன், வாசல் வழியாக விழுந்துகொண்டிருந்த வெயில் தரையிலிருந்து போய்விட்டது. யாரோ பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி. மாமனார் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய், முற்றத்தில் வாய் கொப்பளித்தார். எங்கள் வீட்டில் அவர் வாய் கொப்பளித்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. "அத்தை, சூரியன் எங்கியும் போவல. மலைக்குப் பின்னாலதான் இருக்குது. அதோ பாருங்க, தெக்கால சந்திரகிரி உச்சியில வெயிலு தெரியுது. மாமாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"அங்க குந்தினு இருக்கறவன் திங்கட்டும்னு சொல்லு" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "நைனா, ஏறி குந்துங்க. திருவண்ணாமலை ரோட்ல மலையத் தாண்டிட்டா அந்தாண்ட இன்னும் பொழுது இருக்குது. அங்க போயித் தின்னுட்டு வந்துடலாம்."

மாமனார் சைக்கிளைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கால் நகர்ந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "தின்பண்டத்துக்காவ சூரியன தொரத்தினு போறதா? ஊரு சிரிக்கும். போடா, வண்டிய உள்ள வுடு."

நான் அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களைப் படார் படாரென்று வைத்தேன். மலையைத் திட்டினேன், பஸ்ஸைத் திட்டினேன், பத்திரிகைக்காரனைத் திட்டினேன். மாமனாரைத் திட்ட முடியாததையும் சேர்த்துப் பாத்திரத்தில் காட்டினேன். பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. தூக்கை மொட்டைமாடியில் ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

காலையில் எடுத்துத் திறந்தால், சண்டாளப் பயல்கள், ஒவ்வொன்றும் கல் மாதிரி இறுகி, படத்தில் இருந்ததைவிட அழகாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். சாமி முன்னால் மாமனார் கையைக் கூப்பி, இந்த ஜென்மத்தில் இனிப்பு இல்லை என்று விரதம் ஏற்றுக்கொண்டார். குரலில் பிசிறே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மண்டிக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. தூக்கிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தார். நகத்தால் தட்டினார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். ரெண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பட்டென்று உடைத்து, உள்ளே இருந்த கடலையை உற்றுப் பார்த்து முகர்ந்தார். ஒரு பாதியை மாமியாரிடம் நீட்டினார்.

"மருமவளுக்குக் குடு. எப்பிடி இருக்குதுன்னு சொல்லச் சொல்லு."

வாங்கி வாயில் போட்டேன். சாக்லேட் கரைய, உள்ளே கடலையும் நெய்யும் ஏலக்காயும் ஒன்றாகச் சேர, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. மாமனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

"நல்லாவே இல்ல மாமா" என்றேன் நேராக அவரிடமே. "ஒரே கசப்பு. நீங்க திங்காம இருந்ததே நல்லதாப் போச்சு."

அவர் கையில் இருந்த மற்றப் பாதியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நானும் எத்தினியோ பேருகிட்ட சரக்கு வாங்கியிருக்கறேம்மா" என்றார். "தன் சரக்க இப்பிடிக் கொற சொன்னவங்கள நான் பாத்ததே இல்ல."

அந்தப் பாதியையும் என் கையிலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார்.