எபேசுவில் நிற்காத கப்பல்

போன பௌர்ணமியன்று காலை ஏழு ஐம்பதுக்கு மகன் போன் செய்தான். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு காரில் பாண்டிச்சேரி போகிறானாம்.

"அப்பா, ஊருக்குள்ள வரலப்பா. கிரிவலக் கூட்டம். உள்ள மாட்டினா சாயங்காலம்தான் வெளிய வர முடியும். கீழ்பென்னாத்தூர்ல டீ குடிக்க நிப்போம். நீங்க பஸ்ல வந்துடுங்க."

"அம்மா?"

"அம்மாவ அடுத்த லீவுல வந்து பாக்கறேம்பா."

நாற்பத்திரண்டு நொடிப் பேச்சு. போனே காட்டுகிறது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — என் மனைவி சகுந்தலா இடுப்பெலும்பு முறிந்து படுத்துப் பதினான்கு மாதமாகிறது. மகன் வந்து பார்த்தது ஒரு தடவை, ஆஸ்பத்திரியில். இதே வேகத்தில் போனால் அவள் இன்னும் எத்தனை தடவை அவனைப் பார்ப்பாள்? பலவிதமாகக் கணக்குப் போட்டுவிட்டேன். ஒன்று வருகிறது. சில நாள் பூஜ்யம் வருகிறது.

வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பாஸ்டர். பைபிள் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தவர். பேப்பர் வாங்க வந்தவரிடம் புலம்பினேன். அவரிடமிருந்து ஆறுதலும் கிரேக்கத்தில்தான் வரும்.

"பைபிள்ல வர்ற அப்போஸ்தலர் பவுலும் இப்படித்தான் சார் பண்ணாரு. எபேசு அவரு வருஷக்கணக்கா இருந்த ஊரு. ஆனா எருசலேமுக்கு அவசரம். அங்க நிக்காம போயிடலாம்னு முடிவு பண்ணாரு. அதுக்கு ஒரு வினைச்சொல் இருக்கு — பராப்ளேயோ. ப்ளேயோன்னா கப்பல்ல போறது. முன்னால பரா சேந்தா, ஊரை ஓரமா விட்டுட்டு நிக்காம போறது. புதிய ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு தடவதான் வருது."

ஒரே ஒரு தடவை. எண்ணிக்கை தெரிந்தால் எனக்கு மனம் கொஞ்சம் அடங்கும்.

"அப்புறம்?"

"தாண்டிப் போயி மிலேத்துன்னு ஒரு ஊர்ல எறங்கி, எபேசுல இருந்த சபைப் பெரியவங்களுக்கு ஆள் அனுப்பினாரு. அவ்ளோ தூரமும் இவங்கதான் போனாங்க. கட்டிப் புடிச்சி அழுதாங்க. நீங்களும் போயிட்டு வாங்க சார்."

"நடக்க முடியாம எபேசுலயே படுத்துக் கெடந்தவங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்கள பத்தி எழுதலீங்க."

போனேன். நெரிசலில் பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனது. டீக்கடை வாசலில் கார். பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டாள்.

"ஏண்டா, வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி பைபாஸ்ல வந்திருக்கியே... பத்து நிமிஷம் மூஞ்சிய காட்டிட்டு வரக் கூடாதா?"

"போலீஸ் வண்டிய உள்ள விடலப்பா. நீங்க வேற டென்ஷன் பண்ணாதீங்க." போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா..." என்று ஆரம்பித்தேன். அவனுக்கு ஒரு கால் வந்தது. பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டான்.

மொத்தம் பதினோரு நிமிடம். மிலேத்துவில் அழுதார்களாம். நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகள் நம்மை மறந்துவிடுவதில்லை. மறந்தால் சண்டையாவது போடலாம். ஓரமாக விட்டுவிட்டு, கையும் ஆட்டிவிட்டுப் போகிறார்கள் — இதை யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டுக்கு வந்தால், சகுந்தலா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். யாருமில்லை.

"நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே... என்னைப் பத்தி எத்தன வாட்டி கேட்டான்?"

"அஞ்சு."

"பொய் சொன்னா கொஞ்சம் கம்மியா சொல்லுங்க. நம்பறதுக்கு ஈஸியா இருக்கும்."

"மூணு" என்றேன். தலையாட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பராப்ளேயோ புதிய ஏற்பாட்டில் எத்தனை தடவை வருகிறதோ... அத்தனை தடவை.