மகாராஜாவும் யூரியா மீட்டரும்

“டீசல் முக்கா. யூரியா பாதி. சூடு சரியா இருக்கு. கெளம்பலாம்” என்று மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மகாராஜா வண்டியை நகர்த்துவார். பிக்கப்பின் பின்புறம் ஆவி பறக்கும் அண்டாக்கள். வடக்குப்பட்டுச் சமையற்கூடத்திலிருந்து ஒரகடம் தொழிற்சாலைக் கேன்டீன்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற வண்டி அது.

நாங்குநேரிப் பக்கத்துக்காரர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். மழை வராது என்று அறைக்கூட்டாளி சொன்னால் துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போவார். நனைந்து கிடந்தாலும், “அவன் பொய்யா சொல்லுவான்? வானந்தான் மனசு மாறிட்டு” என்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற வழக்கமும் இல்லை. கடைக்காரர் இனிக்கும் என்றால் இனிக்கும், அவ்வளவுதான். மனிதர்களிடமே இப்படி என்றால் மீட்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “நம்மகிட்ட பொய் சொல்லி மெசினுக்கு என்ன ஆகப்போவுது?”

இந்தப் புதிய டீசல் வண்டிகளுக்குப் புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் வேண்டும். நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்றவேண்டும். அது தீர்ந்துபோனால் ஓடுகிற எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்துவிட்டாலோ மறுபடி கிளம்பாது. மகாராஜாவின் யூரியா மீட்டர் வெகுநாளாகப் பாதிக்கோட்டிலேயே நின்றது. மற்ற டிரைவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவருக்கோ பெருமை. “என் வண்டி கோழி மாதிரிவே, சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும்.”

ஒருநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் ஜோயல் என்கிற டிரைவர் யூரியா தீர்ந்து, சிவப்பு விளக்கு எரிய நடுவெயிலில் நின்றுகொண்டிருந்தார். மகாராஜா தன் இருக்கைக்குப் பின்னாலிருந்த யூரியாக் கேனை அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

“உனுக்கு வோணாவாண்ணே?”

“எனக்குத்தான் பாதி கெடக்கே!”

மறுநாள் கடைசிக் கேன்டீனுக்குப் போகும்போது, தொழிற்சாலை வாசலை நெருங்கும் நேரத்தில், அதே சிவப்பு விளக்கு அவர் வண்டியிலும் எரிந்தது. கீச்சுக் கீச்சென்று எச்சரிக்கை மணி வேறு. மீட்டர் மட்டும் பாதிக்கோட்டைவிட்டு இம்மியும் அசையவில்லை.

அந்த வாசலில் எஞ்சினை அணைத்துச் சோதனை முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். காவலுக்கு நின்றவர் எழிலரசி.

“அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணு.”

“இன்னைக்கு மட்டும் விட்டுரும்மா. அணைச்சா திரும்பக் கெளம்பாது. உள்ள எல்லாரும் பசியோட இருப்பாவ.”

“நான் இன்னாண்ணே பண்றது? மேல கேமரா கீது பாரு. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கிக்கினேன். இன்னொண்ணு வந்தா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

மகாராஜா அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தார். எழிலரசியின் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. சோதனை முடிந்து மறுபடி திருப்பியபோது சத்தமே இல்லை. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

எழிலரசி கேன்டீனுக்குப் போன் செய்தார். “டிராலி தள்ளிக்கினு கேட்டுக்கு வாங்க. சோறு இங்கதான் நிக்குது!”

சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்களே சீருடையோடு ஓடிவந்தார்கள். சோறும் சாம்பாரும் டிராலியில் ஏறின. ரசத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல், தளும்பாமல், மகாராஜாவே சுமந்துகொண்டு போனார். எல்லோரும் சூடாகவே சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு சிலர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எழிலரசியும் ஒரு கை கொடுத்தார்.

அதற்குள் சேதி எட்டி, சமையற்கூட முதலாளி இராமச்சந்திரனிடமிருந்து போன். “மீட்டரப் பாத்தியா இல்லியாய்யா?”

“பாத்தேன் சார். பாதி இருந்துச்சு.”

“தொட்டியத் தெறந்து பாத்தியா?”

மகாராஜா மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். கூடவே இருந்த சிநேகிதன் நாலுபேர் முன்னால் காலை வாரிவிட்டதைப் போல முகம் வாடிப்போயிருந்தது.

ஷேர் ஆட்டோவில் பெட்ரோல் பங்குக்குப் போய் யூரியா வாங்கிவந்து, தொட்டியின் வாய் வரைக்கும் ஊற்றினார். சாவியைத் திருப்பிக் காத்திருந்தார். சிறிது நேரம் முரண்டு பிடித்துவிட்டு எஞ்சின் உயிர்பெற்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய எழிலரசி சிரித்துவிட்டார். “இன்னாண்ணே இது, ரொம்பி வழியுது, இப்பவும் பாதிதான் காட்டுது! இனிமேட்டு இத நம்பாத.”

மகாராஜா தோளில் கிடந்த துண்டின் நுனியால் மீட்டர்க் கண்ணாடியிலிருந்த தூசியை மெல்லத் துடைத்தார். பிறகு குனிந்து, இன்னொரு முறை பார்த்தார்.