ரோமாபுரிக்குப் போய்ச் சேராத பட்டு

சித்தப்பா மேடையில் ஏறுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், வந்திருந்த பெற்றோரெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், முன்வரிசையிலிருந்து ஒரு மனிதர் பாய்ந்து ஏறி, சமர்கந்துக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் வைத்து ஒரு வணிகக் கூட்டத்தையே கலைத்துவிட்டார். அந்த அதிர்ச்சி என்னைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் மாட்டியிருந்தது. மீசை அரும்பிய அந்த முகம் அம்மாவின் தம்பி, என் மாமா. சித்தப்பாவும் அவரும் ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். சித்தப்பா லண்டனுக்கு வந்து சேர்ந்தார்; மாமா சேரவில்லை. ஏன் என்று கேட்டால், “வாற வழியிலை மோசம் போனவர்” என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் வராது. வழியில் செத்தார் என்றால் கார் அடித்துத்தான் செத்திருப்பார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அதனால் தெருவைக் கடக்கும்போதெல்லாம் சித்தப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைக்குப் பயம் என்று அவர் நினைத்தார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்தேன்.

சித்தப்பா ஒரு மூலைக்கடையில் வேலை செய்தார். வாயைத் திறந்தால் பகிடியும் சிரிப்பும்தான். டிராம் வரும்போது கையை நீட்டி “நில்லடா” என்பார், டிராம் நிற்கும். அது நிறுத்தத்துக்கு வந்தால் யார் சொல்லாவிட்டாலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியவர நெடுநாள் ஆனது.

அந்தப் பள்ளித் தவணையில் எங்களுக்குப் பட்டுப் பாதை பாடம். சீனாவில் நெய்த பட்டு, பாலைவனமும் மலையும் தாண்டி ரோமாபுரிவரை போனதாம். ரோமர்கள் பட்டு மரத்தில் விளைகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. அந்த வழி முழுவதையும் நடந்து முடித்த வியாபாரி அநேகமாக ஒருவரும் இல்லை என்று மிஸ் சொன்னார். ஒருவர் தனக்குத் தெரிந்த ஊர்வரை கொண்டுபோவார், அங்கே இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை போனது சரக்கு மட்டும்தான்.

தவணை முடிவில் அதையே நாடகமாகப் போட்டோம். வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் சீன மகாராணி வேடம்தான் வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். நான்தான் பட்டு. பெட்டிக்குள் இருந்து கைமாறிக் கைமாறிப் போய், ரோமாபுரியில் சக்கரவர்த்தி மூடியைத் திறந்ததும் பட்டுச்சேலை மினுங்க எழுந்து நிற்க வேண்டும். அப்போது மண்டபமே கைதட்டும். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே இருக்கும்போது சத்தம் போடவே கூடாது. சத்தம் கேட்டால் எல்லாருடைய நாடகமும் கெட்டுவிடும். அந்தக் கைதட்டலை நினைத்து எனக்கு இரவில் நித்திரையே வரவில்லை.

அம்மா அரைமனதோடு தன் கூறைச்சேலையைத் தந்தார். கலியாணத்துக்கு உடுத்த சேலை அது. அழுக்குப் பட்டால் தெரியும் சேதி என்று ஆயிரம் எச்சரிக்கை. பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர் சித்தப்பாதான். கடைக்குப் புது பிரீசர் வந்த அட்டைப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடந்தே வந்தார். எதற்கு என்று கேட்டார். பொறுத்திருந்து பாருங்கள் என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டேன். நான் பட்டாக நடிக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கப்போவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நாடகத்தன்று அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட். அம்மாவும் சித்தப்பாவும் வந்தார்கள். மிஸ் பெட்டியின் பின்பக்கத்தில் காற்றுக்குத் துளைகள் போட்டிருந்தார். வெளியே அழகுக்கு ஒரு கயிறும் கட்டியிருந்தார். உள்ளே இருட்டு, அட்டை வாசம், சேலையின் பூச்சி உருண்டை வாசம். எனக்கு ஒரே சந்தோஷம். “இதுவரைக்கும் என் பொறுப்பு, இனி உன் பொறுப்பு” என்று ஒரு வணிகன் சொன்னான். பெட்டி இழுபட்டது. இன்னொருவன் வந்தான், அதையே சொன்னான். பிறகு எல்லைக் காவலன் தடியால் பெட்டியில் தட்டி உள்ளே என்ன என்று அதட்டினான். நல்ல பட்டாக இருக்க வேண்டும் என்று நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மூடியின் இடுக்கில் சேலையின் நுனி வெளியே தெரிந்திருக்கிறது. அம்மா அதைக் கண்டு, “பிள்ளையெல்லோ உள்ளுக்கு இருக்கிறாள்” என்று சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னாராம்.

எனக்குத் தெரிந்தது கயிறு அறுந்த சத்தம். அட்டை கிழிந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. சித்தப்பா என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். “மூச்சை விடு பிள்ளை. இழுத்து விடு” என்று கன்னத்தில் தட்டினார், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒட்டகம் இரண்டாகப் பிரிந்து முன்கால் ஒரு பக்கமும் பின்கால் ஒரு பக்கமும் ஓடின. ரோமச் சக்கரவர்த்தி கிரீடத்தோடு அழத் தொடங்கினான். மிஸ்ஸின் முகம் வெளிறிப் போயிருந்தது. சட்டைக்குமேல் சுற்றியிருந்த சேலை எங்கேயோ மாட்டிப் பரபரவென்று கிழிந்து மேடையிலேயே விழுந்தது. நான் நன்றாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். ரோமாபுரிக்கு இன்னும் நாலடிதான் இருந்தது.

அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வெளி நடைக்கு வந்து, பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கும் இடத்தில் தரையிலேயே இருந்துவிட்டார்.

“தட்டியிருக்கலாமே குஞ்சு. ஏன் நீ தட்டேல்லை?”

“தட்டக் கூடாது. சத்தம் போட்டா எல்லாருக்கும் பிழையாப் போகும் எண்டு சொன்னவை” என்றேன் கோபமாக.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவரும் மாமாவும் வந்த வழியை நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் அறிந்தேன். களவாகக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரரில் ஒருவர்கூட முழு வழியும் வரவில்லை. ஆளுக்கொரு எல்லைவரை கொண்டுவந்து அடுத்தவனிடம் கைமாற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு லொறியின் பின்னால், சரக்குகளுக்கு நடுவில் அடைத்துப் பூட்டினார்கள். ஒரு சத்தம் கேட்டாலும் எல்லாரும் பிடிபடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே காற்றுப் போதவில்லை. மாமா சித்தப்பாவின் தோளில் சாய்ந்திருந்தார். நித்திரை என்று சித்தப்பா நினைத்தார். கதவு திறந்தபோதுதான் தெரிந்தது. இதில் ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கைதட்டு இல்லாமல் போன ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

கிழிந்த சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அம்மா வந்தார். சேலைக்கு எனக்கு நல்ல பேச்சு விழப்போகிறது என்று ஒடுங்கிப்போனேன். அம்மா சேலையைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். மிகவும் மெல்லக் கேட்டார்.

“அவனும் இப்பிடித்தானோ தம்பி, ஒரு சத்தமும் போடாமல் இருந்தவன்?”

“ஓம் அண்ணி.”

“ஒருக்காலும் தட்டேல்லையோ?”

“இல்லை அண்ணி. எங்களுக்காகத்தான் தட்டேல்லை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆரம்மா அவன்? வேறை ஒருத்தரும் இல்லை. பெட்டிக்குள்ளை நான் மட்டும்தான் இருந்தனான்” என்றேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினார். அவ்வளவு நேரம் மூச்சுக் காட்டாமல் இருந்தது நான். நல்ல பெயர் மட்டும் யாரோ ஒரு பெடியனுக்கா என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.