காரை விற்க நான் எழுதிய விளம்பரம்

மாலை ஐந்து இருபதுக்கு, நோர்வூட் பாதையின் ஒரு வளைவில், என் மகனின் ஸ்போர்ட்ஸ் கார் பனிமூட்டத்தில் தடம் மாறித் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தது. நல்லவேளை, அவனுக்குக் கை மட்டும்தான் முறிந்தது. கைக்கட்டு அவிழ்வதற்குள் காரைத் திருத்தி விற்றுவிடத் துடித்தேன்.

“அம்பு மாதிரிப் பறக்கும்” என்று அவன்தான் இணையத்தில் விளம்பரம் போட்டான். அழைத்தவர்கள் எல்லாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள். “ஆன்ட்டி, வளைவுல எவ்வளவு ஸ்பீட்ல திரும்பும்?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று, கார் விலைபோய்விட்டதாகப் பொய் சொன்னேன்.

பிறகு விளம்பரத்தை நானே மாற்றி எழுதினேன். “இருவர் மட்டும் உட்காரலாம். விபத்துக்குப் பின் இடது கதவு மாற்றப்பட்டது. அடிப்பாகம் தாழ்வு, தோட்டப் பாதையில் தட்டும். மலை வளைவுகளுக்கு ஏற்றதல்ல.”

“அப்படியே ‘தயவுசெஞ்சு வாங்காதீங்க’ன்னும் எழுதிருங்கம்மா” என்று மகன் சிரித்தான்.

பத்து நாள் ஒருவரும் அழைக்கவில்லை. பதினோராம் நாள் புத்தளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் லொறியோடு வந்தார்கள். குறையை மறைக்காததால் நம்பி வந்ததாகக் கணவர் சொன்னார். காரை ஏற்றுவார்களா, மலைப்பாதையில் ஓட்டிப் போவார்களா என்று நான் லொறியையே பார்த்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க, ஏத்தித்தான் கொண்டு போறோம். எங்க ஊருல மலையே இல்ல.”